குருதியா, குருவா? - வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளை முன்வைத்துச் சில எண்ணங்கள்

'பரம்பரை' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்கி வருகிறோம். தந்தை, மகன், பேரன் என்று குருதிவழி நீள்வது ஒன்று. ஆசிரியர், மாணவர், அம்மாணவரின் மாணவர் என்று கல்விவழி நீள்வது மற்றொன்று. திருக்கயிலாய பரம்பரைத் திருவாவடுதுறை ஆதீனம் என்கிறோம். துறவிகளின் வரிசையில் குருதிக்கு இடம் ஏது? அங்கே பரம்பரை என்பது முழுக்கவும் உபதேச வழி. அதே சொல்லைத்தான் சொத்துப் பத்திரத்திலும் திருமணப் பேச்சிலும் வேறு பொருளில் எழுதுகிறோம், பேசுகிறோம்.

ஒரு நாட்டின் அல்லது ஓர் ஊரின் குத்துச்சண்டை மரபை உருவாக்குவது பிறப்பா, பண்பாடா என்னும் வினா உலகெங்கும் நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது. இவ்வினாவை ஆராயத் தமிழருக்கு வாய்த்த களம் வடசென்னை. அங்கே குத்துச்சண்டைப் பள்ளிகளுக்குப் பெயரே 'பரம்பரை' என்பதுதான். 2021ஆம் ஆண்டு பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்துக்குப் பிறகு இச்சொல் தமிழகம் முழுவதும் பரவிவிட்டது. ஆயின் அச்சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதைப் பலரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு பழம்பெருமையை ஒதுக்கி வைத்துவிடுவோம். 'தமிழன் அன்றே மல்லன். ஆகவே குத்துச்சண்டை அவன் இரத்தத்தில் ஊறியது' என்று மேடைகளில் சொல்வதுண்டு. போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருப்பதும், பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டதும் உண்மையே. ஆனால் மல் என்பது கட்டிப் புரளும் போர். சென்னையில் வேரூன்றிய குத்துச்சண்டையோ, கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, பத்து எண்ணும் வரை அவகாசம் என்று 1867இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளின் வழி வந்தது. 'ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றே அக்கால மக்கள் அதனை அழைத்தனர். சங்ககாலத்து மல்லனுக்கும் இராயபுரத்து வீரனுக்கும் இடையே தொடர்ச்சி காட்டச் சான்றில்லை.

பின் ஏன் வடசென்னை? இங்கே நாம் வாழும் திருவான்மியூரையே உரைகல்லாகக் கொள்ளலாம். திருவான்மியூர்க் குப்பத்துக்கும் காசிமேட்டுக்கும் இடையே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுதான். இரண்டிடத்தும் வாழ்பவர்கள் சோழமண்டலக் கரையின் பட்டினவர் மீனவர்கள். கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். கட்டுமரம் வலித்து உரமேறிய தோள்கள் இரு கரைக்கும் பொது. குருதிதான் குத்துச்சண்டையைத் தருமெனில் திருவான்மியூரிலும் ஊரூரிலும் பரம்பரைகள் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாமறிந்த பரம்பரைப் பெயர்கள் அனைத்தும் வடக்கே உள்ளவை.

வடக்கே இருந்தவை வேறு. இராயபுரத்தில் 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் அமைந்தது. 1881 வாக்கில் துறைமுகம் உருப்பெற்றது. பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. வெள்ளைச் சிப்பாய்களும் மாலுமிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் அங்கே நடமாடினர். நாள் முழுதும் மூட்டை சுமந்த, தறி ஓட்டிய, வலை இழுத்த மக்கள் மாலையில் கூடிய இடங்களில் இவ்விளையாட்டு கைமாறியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரான கன்போட் ஜாக் போன்றோர் இந்திய நகரங்களில் சண்டையிட்டுப் புகழ்பெற்ற காலம் அது. கித்தேரி முத்து என்னும் வீரர் டெர்ரி என்ற ஆங்கிலேயரை வீழ்த்திய கதை இன்றும் அங்கே வாய்மொழியாக உலவுகிறது. ஆண்டவனின் விளையாட்டை ஆளப்பட்டவன் கற்று, அதே மேடையில் அவனை வெல்வது வெறும் விளையாட்டன்று. அம்மக்கள் அதனை 'ரோசமான குத்துச்சண்டை' என்றதன் பொருள் அப்போது விளங்கும்.

இனிப் பரம்பரைகளின் பெயர்களைப் பாருங்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார், பாபு பாய்... நாயக்கர், செட்டியார், பாய் என்று சாதியும் மதமும் பெயரில் நிற்கின்றன. ஆனால் அப்பெயர்கள் வாத்தியார்களைக் குறிப்பவை. அவர்களிடம் பயின்றவர்களில் மீனவர், தலித்துகள், இஸ்லாமியர், கிறித்தவர் எனப் பலரும் இருந்தனர். ஒரு வாத்தியாரிடம் கையுறை மாட்டியவன் அவர் பரம்பரையான். நிற்கும் முறை, காலடி, இடக்கை நீட்டும் பாணி ஆகியவையே அவன் கோத்திரம். இரஞ்சித்தின் படத்திலும் இரங்கன் வாத்தியார் தம் மகன் வெற்றிச்செல்வனை விடுத்துக் கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். 'குருதியா, குருவா' என்னும் கேள்விக்குப் படம் தரும் விடை அதுதான்.

உலக வழக்கும் இதற்குச் சான்று பகர்கிறது. 1952இல் அமெரிக்கச் சமூகவியலாளர்களான வைன்பெர்க், அராண்ட் இருவரும் சிகாகோ வீரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னணியில் நின்றவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1928இல் யூதர்கள். 1936இல் இத்தாலியர்கள். 1948இல் கறுப்பினத்தவர். இருபதே ஆண்டுகளில் ஓரினத்தின் குருதி இரண்டு முறை மாறிவிடுமா? மாறியது எந்த மக்கள் சேரியில் வாழ்ந்தார்கள் என்பதுதான். வேறு வாயில்கள் திறந்ததும் யூத வீரர்களின் பிள்ளைகள் களத்தை விட்டுக் கல்லூரிக்குச் சென்றனர்.

கியூபாவைக் காண்போம். 1968க்கு முன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அந்நாட்டுக்கு ஒரு பதக்கமும் இல்லை. 1962இல் தொழில்முறைச் சண்டையைத் தடை செய்து, பள்ளிதோறும் பயிற்சியை அரசே வளர்த்தது. 1972 மியூனிக்கில் மூன்று தங்கம் கிடைத்தது. அவற்றுள் ஒன்று தியோஃபிலோ ஸ்டீவன்சனுடையது. மக்கள் அதே மக்கள்தாம்.

நம் நாட்டிலும் கதை இதுவே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் ஹரியானாவின் பிவானியைச் சேர்ந்தவர்கள். அவருள் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். 'பாலும் நெய்யும் உண்ட ஜாட் உடம்பு' என்று அப்போது பலர் விளக்கம் சொன்னார்கள். பாலும் நெய்யும் அங்கே நூற்றாண்டுகளாக உண்டு. புதிதாக வந்தவர், 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற இராணுவ வீரர் ஹவா சிங். அவர் ஊருக்குத் திரும்பிப் பயிற்சி அளித்தார். அவரைத் தொடர்ந்து பிற பயிற்சியாளர்கள் வந்தனர். ஒரு வாத்தியாரிலிருந்து ஒரு பரம்பரை!

அப்படியாயின் பிறப்புக்குப் பங்கே இல்லையா? உண்டு. நீண்ட கை, விரைந்த கண், அடி தாங்கும் தாடை இவை ஒருவனுக்குப் பிறப்பு தருபவை. ஆனால் அவை தனிமனிதனுக்குக் கிட்டும் கொடை. ஓர் இனத்துக்கு மொத்தமாகப் பட்டா எழுதித் தரப்படுபவையல்ல. எடைப்பிரிவுகள் இருப்பதால் உடற்பருமனின் அனுகூலமும் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. வீரரின் மகன் வீரனாவதும் உண்டுதான். பிறந்த வீட்டில் கையுறை தொங்குவதும், தவழும் வயதில் சண்டைக் கதை கேட்பதும் குருதியால் வருவனவா, வளர்ப்பால் வருவனவா?

இதற்கெல்லாம் மேலான சான்று ஒன்றுண்டு. வாத்தியார்களுக்கு மகள்களும் இருந்தார்கள். அதே தந்தை, அதே தாய், அதே குருதி. எனினும் பழைய பரம்பரைகளின் வீரர் வரிசையில் நாம் கேட்டறிந்த பெயர்கள் எல்லாம் ஆண்பெயர்கள். குருதி அப்பெண்களிடம் ஓடத்தான் செய்தது. மேடைதான் அவர்களுக்கு இல்லை. 2012இல் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவு சேர்க்கப்பட்டதும் மணிப்பூரின் மேரி கோம் வெண்கலத்தோடு திரும்பினார். வாயில் திறந்த பிறகே திறமை தெரியவந்தது.

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. 'சண்டை அவங்க இரத்தத்திலேயே இருக்கு' என்று வடசென்னைப் பிள்ளைகளைப் பற்றி நம் பகுதியில் சொல்லக் கேட்கிறோம். புகழ்ச்சி போல ஒலிக்கும் இவ்வாக்கியம், 'ரவுடி' என்னும் பழியின் நாகரிக வடிவம். விடியற்காலையில் எழுந்து ஓடி, கயிறு தாண்டி, ஆண்டுக்கணக்கில் வாத்தியாரின் வசைமொழி தாங்கிப் பெற்ற கல்வியை, 'அது தானாக வந்தது' என்று ஒரே சொல்லில் அது பறித்துவிடுகிறது. கர்நாடக இசைக்கலைஞர் ஒருவரின் சாதகத்தை நாம் அவ்வாறு சொல்லத் துணிவோமா?

திருவான்மியூர்க்காரர்கள் மறக்கக்கூடாத ஓர் ஒப்புமையும் உண்டு. 1936இல் தொடங்கப்பட்டு 1962இல் நம் ஊருக்கு இடம்பெயர்ந்த கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, ஆட்டக்கலை மரபில் பிறந்தவரல்லர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றவர். கலை குருதியைக் கடந்து குருவின் வழி செல்லும் என்பதற்கு அவ்வளாகமே சான்று. ஆனால் கலை இடம்பெயர்ந்தபோது, அதனைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பப் பெண்கள் பலர் மேடையிழந்தனர் என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம்.

வடசென்னைக்கும் அந்நிலை நேர்ந்துள்ளது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்று, 1994இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற தேவராஜனைத் தந்த நகரம் இது. 1980இல் முகமது அலி வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை நிகழ்த்தியதைத் திரண்டு கண்ட நகரமும் இதுவே. அதன்பின் கட்டணச் சண்டைகள் தேய்ந்தன. பரம்பரைகள் நினைவாகி, நினைவு திரைப்படமாயிற்று. மக்களின் குருதி இந்த நாற்பது ஆண்டுகளில் நீர்த்துப் போய்விடவில்லை. களங்கள் சுருங்கின, வாத்தியார்கள் மூப்படைந்தனர்.

பிறப்பே மரபைத் தரும் என்று நம்பினால் நமக்குக் கடமை ஏதுமில்லை, கைகட்டிக் காத்திருக்கலாம். கற்பித்தலே மரபைத் தரும் எனில், ஒரு கூடம், ஒரு வாத்தியார், அவருக்கு மாதந்தோறும் ஓர் ஊதியம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். திரைப்படம் பார்த்துப் பெருமிதம் கொண்ட நாம் அக்கணக்கைப் பார்த்தோமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.