நிலவு ஒரு மணி நேரம் அதிர்ந்த கதை

1969 நவம்பர் 20 அன்று அப்போலோ 12 வீரர்கள், வேலை முடிந்த தங்கள் நிலவுக் கலத்தின் மேற்பகுதியை நிலவின் மீதே மோதவிட்டார்கள். அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானியில் அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடங்கவில்லை. பூமியில் இதே மோதல் என்றால் சில நிமிடங்களில் ஓய்ந்திருக்கும். உடைந்து நொறுங்கிய மேலோட்டில் அலைகள் சிதறி அலைந்தது ஒரு காரணம். ஆனால் சிதறிய அலையும் அத்தனை நேரம் பிழைத்திருக்க வேண்டுமே!

பெர்ன்ஹார்டு டிட்மன் 1970களில் அப்போலோ பாறைகளை ஆய்வகத்தில் அதிரவைத்துப் பார்த்தார். சாதாரணக் காற்றில் அவை பூமிப் பாறைகளைப் போலவே அதிர்வை விழுங்கின. வெற்றிடத்தில் சூடாக்கி, உள்ளே ஒட்டியிருந்த ஈரப் படலத்தை விரட்டியதும் இழப்பு பல மடங்கு குறைந்தது. கண்ணுக்கே தெரியாத ஈரம் அது; வறண்ட நிலவில் அதுவும் இல்லாததால்தான் அலை அத்தனை நேரம் பிழைத்தது. பாறை இயற்பியல் கற்பிக்கும் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

இதன் முன்கதையை அதிகம் பேர் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1941-லேயே டபிள்யூ. டி. பார்ன், ஆம்ஹெர்ஸ்ட் மணற்கல்லில் சிறிது நீர் சேர்த்து அளந்து, உலர்ந்த கல்லில் இல்லாத ஓர் இழப்பு நீரோடு வந்து சேர்வதையும், அது அதிர்வெண்ணோடு கூடுவதையும் காட்டிவிட்டார். திரவம் நிறைந்த பாறையில் அலை செல்லும் விதத்துக்கு 1956-ல் மாரிஸ் பியோ தந்த சமன்பாடுகள் மிக அழகானவை. ஆனால் துளைகளில் ஒரே திரவம் சீராக நிறைந்திருப்பதாக அவை கொண்டதால், கள ஆய்வு அலைகளுக்குக் கிடைத்த இழப்பு மிகச் சிறியது. 1975-ல் ஜே. இ. வைட் நீருக்கு நடுவே வாயுத் திட்டுகளை வைத்துக் கணக்கிட்டார். அலை பாறையை அமுக்கும்போது நீர் லேசில் சுருங்காது, வாயு சுருங்கும். அழுத்தம் ஏறிய நீர் வாயு இருக்கும் பக்கம் ஒழுகும். அந்த ஒழுக்கின் உராய்வில் அலையின் ஆற்றல் வெப்பமாகிவிடும். துளை முழுக்க நீர் என்றால் அதற்கு ஒதுங்க இடமே இல்லை.

1979-ல் கென்னத் விங்க்ளரும் அமோஸ் நூரும் மாசிலன் மணற்கல்லில் இந்த வேறுபாட்டை அளந்தார்கள். அரைகுறையாக நனைந்த கல்லில் அமுக்க அலை அதிகம் இழந்தது. முழுக்க நனைந்த கல்லில், பாறையைப் பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலை அதிகம் இழந்தது. எண்ணெய் தேடுவோருக்கு இது பெரிய செய்தி. நீரில் சில சதவீதம் வாயு கலந்தாலே அமுக்க அலையின் வேகம் சரிந்துவிடுவதால், கிடைக்கப்போவது கொஞ்சமா நிறையவா என்று வேகம் மட்டும் சொல்லாது. இழப்பிலிருந்து அந்த விடையைப் பெற முடியுமா என்றுதான் என் மாணவர்கள் இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள்.