மரக்கரண்டிக்குள் என்ன இருக்கிறது?

ஐஸ்கிரீம் தீர்ந்ததும் மரக்கரண்டி குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. மொத்தம் ஐந்து நிமிட வாழ்க்கை. ஆனால் அதிலிருந்து மெல்லிய ஒரு சீவலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், 350 ஆண்டு வரலாறு கண்ணுக்குத் தெரியும்.

மரம் பார்ப்பதற்குக் கெட்டியான பொருள். உள்ளே அது குழாய்களின் கட்டு. ராபர்ட் ஹூக் தன் 'மைக்ரோகிராபியா' நூலை 1665-ல் வெளியிட்டார். தக்கையில் கண்ட சிற்றறைகளுக்கு அவர் 'செல்' என்று பெயர் வைத்தது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதே நூலில் அவர் மரக்கரியையும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஓர் அங்குலத்தில் 18-ல் ஒரு பங்கு நீளத்துக்குள் 150 துளைகளை எண்ணினார். அந்தக் கணக்குப்படி ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் 57 லட்சத்துக்கும் மேற்பட்ட துளைகள்!

அடுத்து இத்தாலியில் மார்செல்லோ மால்பிஜியும் இங்கிலாந்தில் நெகமையா குரூவும் வந்தார்கள். இருவருமே மருத்துவர்கள். மனித உடலை அறுத்துப் பார்ப்பதுபோல் செடி கொடிகளையும் மரங்களையும் வெட்டிப் பார்த்தார்கள். குரூ 1682-ல் வெளியிட்ட தாவர உடற்கூறு நூலின் படங்கள் இன்றும் வியக்க வைப்பவை. ஒரு மரத்தின் துளைகள் போல இன்னொரு மரத்தின் துளைகள் இருப்பதில்லை என்பது மெல்ல மெல்லத் தெளிவானது.

சரி, இதற்கும் கரண்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஓக் மரத்தில் வசந்த காலத்தில் உண்டாகும் சைலக்குழாய்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதில் அதிகம். பைன் மரத்தில் பிசின் ஓடும் குழாய்கள் இருப்பதால் வாசனை வரும். பிர்ச் மரம் அப்படியல்ல. அதன் குழாய்கள் மிகச் சிறியவை. வளையம் முழுக்கச் சீராகப் பரவி இருப்பதால் வெட்டினால் வழவழப்பாக வரும். வாசனையும் சுவையும் ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவில் குச்சி ஐஸுக்கு 1924-ல் காப்புரிமை பெற்ற பிராங்க் எப்பர்சன், குச்சிக்கு ஏற்ற மரங்களில் ஒன்றாகப் பிர்ச்சைச் சொன்னதும் இதனால்தான்.

இருந்தும் மரக்கரண்டி நாக்கில் பட்டால் ஒரு மாதிரி வறட்சியாக இருக்கிறதே? செல் சுவரில் உள்ள செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. அறுபட்ட நார்களின் முனைகள் எழும்பிச் சொரசொரப்பாகின்றன. பிளாஸ்டிக்கில் இந்தத் தொல்லை கிடையாது. அந்தப் பிளாஸ்டிக் கரண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3-லும், இந்தியா 2022 ஜூலை 1-லும் தடை செய்தன. இந்தியாவின் பட்டியலில் பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் குச்சியும் உண்டு.

அதனால் மரம் குற்றமற்றதாகிவிடுமா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் மர உணவுக்குச்சிகளுக்காகக் காடு அழிவதைக் குறைக்க, சீனா 2006-லேயே அவற்றுக்கு 5 சதவீத வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ரஷ்ய மரத்தின் இறக்குமதியைத் தடை செய்தபோது வேறொரு சிக்கல் வந்தது. பிர்ச்சின் சைலக்குழாய் முனைகளில் ஏணிப்படி போன்ற குறுக்குக் கம்பிகள் இருக்கும். பிர்ச்சை அடையாளம் காண அது உதவும். எந்த நாட்டுக் காட்டில் வெட்டியது என்று மைக்ராஸ்கோப் சொல்லாது. அதற்கு வேதியியல் சோதனைகளும் நேர்மையான ஆவணங்களும் வேண்டும்.

ஹூக் துளைகளை எண்ணிவிட்டார். அந்த மரம் எங்கே நின்றது, அதை வெட்டியது யார் என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.