முறிந்த மணமும் முறியாத முத்திரையும்

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்த ஈழத்தமிழரில் ஒரு பகுதியினர் கோவை பூலுவப்பட்டி, ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர் முகாம்களில் வேர்விட்டனர். முகாமுக்கும் ஊருக்கும் இடையே நடந்த திருமணம் முறியும்போது தடையாக நிற்பது திருமணச் சட்டமல்ல. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 1976இலேயே பரஸ்பர சம்மத விவாகரத்தை ஏற்றது; ஜீவனாம்சத்துக்கும் குடியுரிமை நிபந்தனை இல்லை. சுமை குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2003 திருத்தத்தின்படி, 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட்டாலே அப்பிள்ளை பிறப்பால் இந்தியராகாது. தாய் இந்தியரானாலும் அப்படித்தான். மணம் முறிந்தாலும் தந்தையின் அந்த முத்திரை பிள்ளையை விடுவதில்லை.

முகாம் பதிவேட்டையும் பாருங்கள். 2021இல் உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000. பிரிந்த பெண் எந்தக் குடும்பத்தில் பதிவாகிறாள் என்பது அவள் அடுப்பு எரியுமா என்ற கேள்வி.

குடியுரிமைக்காகவே மணந்தவர்களுக்கு இரக்கம் எதற்கு என்பார்கள். சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை விழுந்தவருக்கு ஏழாண்டு வாழ்ந்த மணமும் பதிவுக் குடியுரிமை தராது. ஒன்றிய அரசின் 2025 செப்டம்பர் ஆணை, பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்ததே தவிர, குடியுரிமை அளிக்கவில்லை. கிடைக்காத ஒன்றுக்காக மணந்தார்கள் என்பது நியாயமில்லை. நாற்பதாண்டுத் தயக்கம் அரசுடையது. அதன் விலையைப் பிரியும் பெண்ணும் பிள்ளையும் கட்டக்கூடாது.