மதர்போர்டும் ஜக்கார்டு பெட்டியும்

கேம் விளையாட கம்ப்யூட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டு. ஏன்? காஞ்சிபுரம் பட்டுத்தறியைப் பாருங்கள்.

தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியை 1804-இல் பிரான்சில் உருவாக்கியவர் ஜோசப் மரி ஜக்கார்டு. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அட்டையை மாற்றினால் டிசைன் மாறும். ஆனால் 240 கொக்கிப் பெட்டியில் 400 கொக்கி டிசைன் ஏறாது. பெட்டியையே மாற்ற வேண்டும்.

மதர்போர்டு சாக்கெட்டும் அப்படித்தான். 2016-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2020-இலும் புது ரைசன் வந்தது. இன்டெலின் எல்ஜிஏ1200 சாக்கெட்டோ 2020-இல் வந்து, 2021-லேயே எல்ஜிஏ1700-க்கு வழிவிட்டது.

நாளை எது ஏறும் என்றும் கேட்டு வாங்குங்கள்.