இருதயத்தின் எதிரொலி

மைசூர்ச் சீமையின் தென்கிழக்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி நிற்கிறது மாதேஸ்வரன் மலை. அம்மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பின் மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. எல்லை மாறினும் யாத்திரை மாறவில்லை. சிவராத்திரியிலும் தீபாவளியிலும் தமிழ்நாட்டிலிருந்து சென்று கால்நடையாகவே மலையேறும் முதியோர் இன்றும் உளர். அத்தகைய முதியவர் ஒருவரது கையில் 'எக்கோ' அறிக்கை இருக்குமாயின், வீட்டார் மனத்தில் எழும் வினா ஒன்றே: இந்த இருதயம் மலையேறுமா? இதற்கு விடை காண, அக்கருவியின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியர் ஓர் இடர்ப்பாட்டில் இருந்தார். இருதய வால்வு சுருங்கியுள்ளதா, கசிகின்றதா என்பதை மார்பைத் திறக்காமல் திட்டமாக அறிய அன்று வழியில்லை. பௌதிக அறிஞர் ஹெர்ட்ஸ் அவருக்குத் துணைவந்தார். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உட்பிளவுகளைக் கண்டறியப் பயன்பட்ட ஒலிக்கருவியை இரவல் வாங்கி, முதலில் அதனைத் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார் ஹெர்ட்ஸ். 1953 அக்டோபர் 29 அன்று, துடிக்கும் இருதயச் சுவரின் அசைவு முதன்முதலாகப் பதிவாயிற்று. செவிக்கெட்டாத ஒலியை உட்செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குவதே இதன் தத்துவம். இதில் வலியுமில்லை, எக்ஸ்-கதிருமில்லை.

இக்கருவி மைசூரிலும் ஓர் ஆராய்ச்சிக்கு உதவிற்று. அந்நகரின் ஹோல்ட்ஸ்வர்த் மிஷன் மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் ஏடுகளில் குறித்து வைத்திருந்தது. அவ்வாறு 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரைத் தேடிச் சோதித்து, 1996-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ எடையுடன் பிறந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் நன்கு எடையுடன் பிறந்தோரில் மூவருக்கே இருந்தது. ஆயினும் எக்கோ கொண்டு பின்னர் அளந்தபோது, இருதயத் தசையின் பருமனுக்கும் பிறந்த எடைக்கும் தொடர்பு காணப்படவில்லை. பிறந்த எடையை இனி நாம் மாற்ற இயலாது. இரத்த அழுத்தத்தை மாற்ற இயலும்.

இனி அறிக்கையைப் படிப்போம். 'எஜக்ஷன் ஃப்ராக்ஷன் 60' என்றிருப்பின் அது பரீட்சை மதிப்பெண் அன்று. இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்பதே பொருள். ஏறத்தாழ 55 முதல் 70 வரை இயல்பானது. நூறு எவருக்கும் இல்லை. 'முதல்நிலை டயஸ்டாலிக் குறைபாடு' என்பது இருதயம் விரிந்து தளர்வதில் தோன்றும் தாமதம். வயதால் சுவர் விறைப்பதனால் முதியோரிடம் இது பரவலாகக் காணப்படும். வால்வில் 'அற்பக் கசிவு' நல்ல உடலினரிடமும் உண்டு. சுவர் தடித்திருப்பின், நெடுநாள் இரத்த அழுத்தத்தை ஐயுற வேண்டும். ஒரு பகுதி மட்டும் அசையாதிருப்பின் முன்னரே மாரடைப்பு வந்திருக்கக்கூடும். அதனை உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மற்றொன்றும் நினைவிற்குரியது: இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய்களின் அடைப்பைச் சாதாரண எக்கோ நேராகக் காட்டுவதில்லை. எனவே, நல்ல அறிக்கை முழு உத்தரவாதம் ஆகாது.

ஆதலின் காகிதத்தைக் கண்டு அஞ்சி நடையை நிறுத்துவதும் தவறு. அதனை நம்பி நெஞ்சின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் தவறு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மருந்தைத் தவறாது உண்க. உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்துக. ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கிலேயே அடங்கும். புகையிலையை அறவே விடுக. வைத்தியர் தடுக்காவிடில், வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று. மலையேற விரும்பும் முதியோர் பல வாரங்கள் முன்னரே சமதளத்தில் நடந்து பழகி, வைத்தியரைக் கேட்டபின் புறப்படுக. வழியில் நெஞ்சு இறுக்கமோ வழக்கமற்ற மூச்சிரைப்போ தோன்றின், வாயு என்று ஒதுக்காமல் உடனே நின்று மருத்துவ உதவி பெறுக.

பெற்றோரை ஊரில் விட்டு அயல் மாநிலத்தில் வாழும் நேயர்களே, அறிக்கையிலுள்ள எண்ணை மட்டும் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்டு அமைதி கொள்ளாதீர்கள். படியேறும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். கருவி சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.