துண்டு: மலையகத்தில் ஒரு தாளின் கதை

சென்ற தவணையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு 'துண்டு' என்ற சொல்லைக் கொடுத்து, அதை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டேன். பாண் துண்டு, காணித் துண்டு, துண்டுப் பிரசுரம், கிளினிக் துண்டு என்று வந்தன. கடைசி வாங்கில் இருந்த ஒரு மகள் 'சம்பளத் துண்டு' என்றாள். இதே கொட்டகலை மலைகளில் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரைக் கட்டிப்போட்டிருந்த அந்தத் துண்டு ஒருவர் வாயிலும் வரவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அது ஒழிந்து நூறு வருடம் தாண்டிவிட்டது.

ஒப்பந்தம் என்றவுடன் மலையகத்தில் எல்லோருக்கும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தந்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வருவது அதற்கும் முந்திய, ஒரு சாண் தாளில் அடங்கிய ஒப்பந்தத்தை.

தோட்டத் தொழிலாளியின் வேலையை அன்று ஆண்டது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம். வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தாலும் அது ஒரு மாத ஒப்பந்தமாகக் கொள்ளப்படும். மாதா மாதம் தானாகவே புதுப்பிக்கப்படும். விலக நினைப்பவர் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம். சொல்லாமல் போனால் சிறை. ஒப்பந்தத்தை மீறியதற்கு மறியலா என்று இன்று கேட்போம். அன்று அதுதான் சட்டம். ஆனாலும் நியாயமாகப் பார்த்தால், முறைப்படி சொல்லிவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகும் உரிமை அந்தச் சட்டத்தில் இருந்தது.

அந்த உரிமையைத் தின்றது துண்டு. அது சட்டம் போட்டுக் கொண்டுவந்த தாளல்ல. தோட்டத் துரைமார் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வரக் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கப்படும். கப்பல், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆட்களின் தலையில் கடனாக ஏறும். அந்தக் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவருக்கு இவரையும் இவருடைய ஆட்களையும் விட்டுத்தருகிறேன். துண்டில்லாமல் வருகிறவர்களை வேறு துரை சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த நாணயம். அதை மீறி ஆள் பிடித்தவரை மற்றவர்கள் மதிக்கமாட்டார்கள். வியாபார ஒழுக்கம் என்று ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. அது துரைக்கும் துரைக்கும் இடையில் நின்றுவிட்டது.

கணக்கு விளங்க ஒரு உதாரணம் வைப்போம். 20 பேர் கொண்ட கூட்டம், கடன் 600 ரூபா. தலைக்கு 30 ரூபா. நாட்கூலி நீண்ட காலமாக 33 சதத்தைச் சுற்றியே நின்றது. அப்படியென்றால் ஒருவர் 90 நாள் உழைத்தால்தான் அந்தக் கடன் தீரும், அதுவும் ஒன்றும் தின்னாமல் குடிக்காமல் இருந்தால். ஆட்கள் தட்டுப்பாடான காலத்தில் புதுத் தோட்டத்துத் துரை அந்த 600ஐக் கட்டுவதோடு, கங்காணியைக் கவர இன்னும் 200 கொடுப்பார். அடுத்த துண்டில் தொகை 800. தலைக்கு 40 ரூபா, 120 நாள் உழைப்பு. அந்த 20 பேரில் ஒருவர்கூட ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றிருக்கமாட்டார். தோட்டம் மாற மாறக் கடன் வளர்ந்தது. கங்காணியின் மதிப்பும் கூடவே வளர்ந்தது.

இதைப் படித்த நாட்களில் எனக்கு ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அது; கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுத வேண்டும், சாட்சி வேண்டும் என்பது எங்கட ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் இருக்கும் இன்னொரு விடயத்தைக் கவனிப்பவர்கள் குறைவு: எழுதுகிறவருக்கு வாசகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் கடன் பட்டவர். அவருக்கு இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவரின் வாய்க்கு அங்கே இடமில்லை. தொழிலாளியின் வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொல்லும் ஹதீஸை எங்கட மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இதை நான் ஒரு மேடையிலும் கேட்கவில்லை.

துண்டை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சொன்னது கங்காணி, எழுதியது துரை, மொழி ஆங்கிலம். கடனைச் சுமந்தவர் அந்தத் தாளில் ஒரு எண்ணிக்கை.

துரைமாரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாப்பாவுக்கு பஸாரில் ஒரு சின்னச் சில்லறைக் கடை இருந்தது. தோட்டத்து ஆட்கள் கடனுக்குச் சாமான் வாங்குவார்கள். சம்பள நாளில் கொடுப்பார்கள். கடன் கொப்பியை எழுதுவது பள்ளிவிட்டு வந்த பிறகு என் வேலை. ஆள் நிற்கும்போது சாமானின் பெயர் எழுதுவேன்; விலை பிறகு போடப்படும். வாப்பா யாரையும் ஏமாற்றியவரல்ல. ஒருநாள் ஒரு பெரியவர், "தம்பி, வாசிச்சுக் காட்டுங்க" என்றார். வாசித்தேன். "அந்த ரெண்டாவது சீனி நாங்க வாங்கலையே" என்றார். கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து லயத்துக்காரரின் கணக்கை இவருடைய பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு முந்திய மாதங்களில் அப்படி எத்தனை எழுதினேனோ, ஒருவரும் வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

துண்டு 1921இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. துரைமாரின் மனம் மாறியதைவிட இந்தியப் பக்கத்து நெருக்கடிதான் இதற்குப் பெரிய காரணம். 1922இல் இந்தியா குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. 1923இல் இங்கே இந்தியத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி, 1929இல் இருந்து மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நாட்கூலி நிர்ணயமானது. அதே கொழுந்தைப் பறிக்கும் பெண்ணின் கைக்கு 11 சதம் ஏன் குறைவு என்று கேட்க ஆளில்லை. அந்த வித்தியாசம் தீர 1984 வரை போனது.

தொழிலாளிக்காக வாய் திறந்தவர்கள் பிறகு வந்தார்கள். கோ. நடேசய்யர் 1931இல் பக்கத்து ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் போட்டார். மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். 1940இல், முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்ட அதே வருடத்தில், தோட்டச் சொந்தக்காரரின் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வசனத்தில் சொல்லும் 'பொறுப்பாளர்' என்ற இடத்துக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பொறுப்பாளர் எப்போதும் நீதியோடு சொன்னாரா என்பது வேறு கேள்வி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. குத்தகை 53 வருடம். அது அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் இடையிலான தாள். தொழிலாளிக்கு இருந்தது கூட்டு ஒப்பந்தம். 2016இல் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேப்பர்களில் போட்டார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500; வரவுக்கு 60, அதுவும் வேலை நாட்களில் 75 வீதம் வந்தால்; கொழுந்தின் அளவுக்கு 140, அதுவும் குறித்த கிலோ பறித்தால்; விலைப் பங்கு 30. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பெண்ணுக்கு 730 என்பது வெறும் பேப்பர் செய்தி. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகிக்கொண்டன. சம்பளம் கூடியது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி எழுதிய தாள் இல்லாமல் போனது.

அடுத்த பாடத்துக்கு விரும்பியவர்கள் வீட்டில் கேட்டுச் சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள் என்றேன். மூன்று பேர் கொண்டுவந்தார்கள். பெயரை மடித்து மறைத்துவிட்டு வரி வரியாக வாசித்தோம். வேலை நாட்கள், ஊழியர் சேமலாப நிதி 8 வீதம், சங்கச் சந்தா, முற்பணம், தேயிலைத்தூள். இடையில் மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஒரு கழிவு. எனக்கும் விளங்கவில்லை. அந்த மகள் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் வந்து சொன்னாள்: "அம்மாவுக்கும் தெரியாதாம் சேர். ஆபீஸ்ல கேக்கிறேன்னு சொன்னாங்க."