தண்டுவடக் காயமும் நடைப்பயிற்சியும்

தண்டுவடம் முறிந்தவரைக் குணப்படுத்த முடியாது என்று பண்டைய எகிப்தின் மருத்துவ ஏடான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் கைவிட்டது. முதல் உலகப்போர் வரை அந்தத் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். பிழைப்பதே அரிது என்ற நிலையில் நடையைப் பற்றி யார் பேசுவார்கள்?

1936இல் பாஸ்டனில் மருத்துவர் டொனால்டு மன்ரோவும், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மனும் தண்டுவடக் காயம்பட்டோருக்கெனத் தனிப் பிரிவுகள் தொடங்கினர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது குட்மனின் கண்டிப்பான விதி. உயிர் தங்கிய பிறகே அடுத்த கேள்வி எழுந்தது. கால்களில் காலிப்பர் எனும் தாங்கிகளைப் பூட்டி, இணைக்கம்பிகளுக்கு நடுவே நிற்கவைத்தார்கள். பிறகு ஊன்றுகோல்களை முன்னே ஊன்றி, இரு கால்களையும் சேர்த்து வீசி நடக்கப் பழக்கினார்கள். தோளும் கையும் உடலைச் சுமக்கும் இந்த நடை ஆளைக் களைக்கவைத்துவிடும். பலர் வீடு திரும்பியதும் காலிப்பரை ஒதுக்கிவிட்டுச் சக்கர நாற்காலிக்கே மாறினர். அது புத்திசாலித்தனமான முடிவுதான். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்டு ரஸ்கிடம் பயின்று திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வித்திட்டதும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடிதான்.

திருப்பம் பூனைகளிடமிருந்து வந்தது. மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட தண்டுவடமும் நடையின் தாளத்தை எழுப்பும் என்பதை 1910, 1911ஆம் ஆண்டுகளில் உடலியங்கியல் ஆய்வாளர்கள் ஷெரிங்டனும் கிரகாம் பிரவுனும் காட்டியிருந்தனர். மான்ட்ரியாலில் பார்போவும் ரொசின்யோலும் தண்டுவடம் அறுக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை டிரெட்மில்லில் பழக்கி, பின்னங்கால்களால் மீண்டும் நடக்கவைத்ததை 1987இல் வெளியிட்டனர். மூளையின் கட்டளை இல்லாமலே தண்டுவடம் பயிற்சியால் கற்றுக்கொண்டது. இந்தப் பயிற்சியை மனிதர்களிடம் முயன்றதை ஜெர்மனியின் வெர்னிக் குழு 1992இல் வெளியிட்டது. நோயாளியின் எடையில் ஒரு பகுதியை வார்ப்பட்டை தாங்கிக்கொள்ள, இயன்முறை மருத்துவர்கள் இருபுறமும் அமர்ந்து கால்களை எடுத்து எடுத்து வைத்தார்கள். இடுப்பொடியும் வேலை அது. அதைக் குறைக்கவே சூரிச்சில் லோகோமாட் ரோபோ உருவானது.

எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தபோது, காயம்பட்டுச் சில வாரங்களே ஆன 146 பேரிடம் நடந்த அமெரிக்க, கனடிய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. எடைதாங்கும் டிரெட்மில் பயிற்சியும், அதே அளவு நேரம் தரையில் அளித்த பயிற்சியும் ஒரே பலனையே தந்திருந்தன. காயத்துக்குக் கீழே ஓரளவு தசையசைவு மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் இரு குழுக்களிலும் நடந்தார்கள். கருவியைவிட, காயம் எவ்வளவு மிச்சம் வைத்தது என்பதே பலனைத் தீர்மானித்தது.

அசைவே மிஞ்சாதவர்களுக்கு 2018இல் ஒரு வழி தென்பட்டது. அமெரிக்காவின் லூயிவில் நகரில், தண்டுவடத்தின் மேலுறை மீது மின்முனைகள் பொருத்தி நால்வருக்குத் தீவிரப் பயிற்சி அளித்ததில், இருவர் துணைக்கருவியின் உதவியோடு தரையில் நடந்தனர். ஒருவருக்கு 15 வாரங்களும் மற்றவருக்கு 85 வாரங்களும் தேவைப்பட்டன. மின்தூண்டல் இயங்கும்வரைதான் அந்த நடை; நிறுத்தினால் கால்கள் அசையவில்லை.